கோடை விமானமும் நாலு நாள் லீவும்

கேள்வி: திருச்சியில் இருக்கிறோம். நான் வங்கியில் வேலை பார்க்கிறேன், கணவர் கடை வைத்திருக்கிறார். மகனுக்கு 13 வயது, மகளுக்கு 8. மாமியாருக்கு 67, மூட்டு வலி உண்டு, ஆனால் ஊர் சுற்றுவதில் எங்கள் எல்லோரையும் விட ஆர்வம். எனக்குச் சேர்ந்தாற்போல் பத்து நாள் லீவு கிடைக்காது, கடையையும் ஒரு வாரம் பூட்ட முடியாது. அதனால் இந்தக் கோடையில் நாலைந்து நாளுக்குள் முடிகிற மாதிரி இரண்டு சின்னப் பயணம் போகலாம் என்று நினைக்கிறோம். ஊட்டி, கொடைக்கானல் இ-பாஸும் கூட்டமும் சலித்துவிட்டது. கோடைக்காகப் புதிய விமானங்கள், அறிமுகக் கட்டணம் என்று விளம்பரங்கள் வருகின்றன. மகனுக்குப் பனி பார்க்க வேண்டும். காஷ்மீர், இல்லையென்றால் லே. மகளுக்கு லட்சத்தீவு. மாமியாருக்கு யாழ்ப்பாணம் போய் நயினாதீவு அம்மனைக் கும்பிட வேண்டும். இப்போதே டிக்கெட் போட்டுவிடலாமா? சேவையை நடுவில் நிறுத்திவிட்டால் பணம் என்னாகும்? மூன்றில் எதைத் தேர்ந்தெடுக்க?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரி,

நீங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டு விமானத்தைத் தேடுகிறீர்கள். வழக்கமான பயணத்துக்கு அது சரி. புதிதாக விடும் பருவகாலச் சேவையை நம்பி நாலு நாள் பயணம் போடும்போது தலைகீழாகப் போக வேண்டும். விமானம் எந்தெந்தக் கிழமை ஓடுகிறது, எத்தனை மணிக்கு இறக்கிவிடுகிறது என்பதை முதலில் பாருங்கள். அதில் உங்கள் லீவு பொருந்துகிற ஊருக்குத்தான் டிக்கெட்.

விமான நிறுவனங்கள் 'கோடை' என்று சொல்வது நம் கோடை இல்லை. அவர்களுடைய கோடை அட்டவணை மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று தொடங்கி, அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முந்தைய நாள் வரை ஓடும். உலகம் முழுக்க இதுதான் கணக்கு. இங்கே சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, அதற்கு ஒப்புதல் கொடுக்கிறது. ஆகவே 'கோடைச் சேவை' என்று விளம்பரம் செய்யப்படும் ஒரு விமானம் ஓடப்போகும் ஏழு மாதத்தில் பாதிக்கு மேல் மழைக்காலம். உங்கள் பிள்ளைகளின் விடுமுறையோ ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் முதல் வாரத்தோடு முடிந்துவிடும். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிற கட்டணம் பெரும்பாலும் அந்த ஐந்தாறு வாரத்துக்கு வெளியே, அதுவும் செவ்வாய், புதன் மாதிரி ஆளில்லாத நாட்களில் இருக்கும். மே மாதத் தேதியைப் போட்டுப் பார்க்கும் வரை அந்த எண்ணை நம்பாதீர்கள்.

மகள் கேட்ட லட்சத்தீவையே எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் இருந்து அகத்திக்கு இண்டிகோ விமானம் 2024 மார்ச் 31 அன்று தொடங்கியது. அந்த ஆண்டின் கோடை அட்டவணைக்கு அதுதான் முதல் நாள். பார்த்தவுடன் பள்ளி விடுமுறைக்காகவே விட்ட மாதிரி இருக்கும். ஆனால் மே நடுவில் அரபிக்கடல் புரளத் தொடங்கிவிடும். அகத்தியில் இறங்கிவிடலாம், அங்கிருந்து பங்காரம், தின்னகரா என்று படகில் போவதுதான் சிக்கல். லட்சத்தீவுக்குப் போக இந்தியர்களுக்கும் முன்அனுமதி வேண்டும். அந்தக் காகிதம் கைக்கு வர நாளாகும். அகத்தியின் ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர்தான், சிறிய ஏடிஆர் வகை விமானம்தான் இறங்கும், வானிலை கெட்டால் அதுவும் யோசிக்கும். திருச்சியில் இருந்து நீங்கள் பெங்களூரிலோ கொச்சியிலோ மாற வேறு வேண்டும். மகளிடம் அரையாண்டு விடுமுறைக்கு என்று சொல்லிவையுங்கள். கடல் அமைதியாக, தண்ணீர் கண்ணாடியாக இருக்கும் மாதங்கள் அவைதான்.

மகனுடைய லே பற்றி ஒரே வரி: மாமியாரோடு நாலு நாள் பயணத்துக்கு அது வேண்டாம். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தரைமட்டத்தில் இருந்து விமானத்தில் நேராகப் போய் இறங்குகிறவர்கள் முதல் இரண்டு நாள் அறையில் படுத்து உடம்பைப் பழக்க வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. நாலில் இரண்டு போய்விட்டது. அப்புறம் அங்கே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் இறங்கும், மதியத்துக்குப் பிறகு காற்று ஒத்துழைக்காது. ஆக திருச்சிக்காரர்கள் டெல்லியில் ஒரு இரவைக் கழித்தாக வேண்டும்.

ஸ்ரீநகர் அந்த அளவுக்கு மோசமில்லை. மே மாதத்திலும் குல்மார்க் கேபிள் காரில் இரண்டாம் கட்டம் வரை ஏறினால் பனி கிடைக்கும். அந்த டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுக்க வேண்டும். ட்யூலிப் தோட்டத்தை மட்டும் மறந்துவிடுங்கள், அது மார்ச் கடைசியில் திறந்து ஒரு மாதத்தில் முடிந்துவிடும். ஆனால் திருச்சியில் இருந்து போக ஒரு நாள், வர ஒரு நாள். இடையில் குறைந்தது நாலு முழு நாளாவது இல்லாமல் அவ்வளவு தூரம் போவதில் அர்த்தமில்லை. இன்னொன்று, 2025 மே மாதம் ஸ்ரீநகர், லே உட்பட வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்கள் சில நாட்களுக்கு மூடப்பட்டது நினைவிருக்கும். அப்படி ஒரு நிலை வந்தால் டிக்கெட் பணம் திரும்பும், விடுதி முன்பணம் திரும்புமா என்பது விடுதிக்காரர் கையில். அந்தப் பக்கம் போகும்போது ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் மட்டுமே அறை போடுங்கள்.

மாமியார் கேட்டதுதான் இந்த மூன்றில் உங்கள் லீவுக்குப் பொருந்துகிறது. திருச்சி–யாழ்ப்பாணம் இண்டிகோ சேவையும் ஒரு கோடை அட்டவணையின் முதல் நாளில், 2025 மார்ச் 30 அன்று தொடங்கியதுதான். பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணி. பலாலி விமான நிலையத்தில் இறங்கினால் யாழ்ப்பாண நகரம் 20 கிலோமீட்டருக்குள். வாசலில் பூட்டு போட்டுக் கிளம்பி, அதே நாள் மாலை நல்லூர் கோயிலில் நிற்கலாம். நாலு நாள் பயணத்துக்கு நான் எப்போதும் போடும் கணக்கு இதுதான்: இரண்டு பக்கமும் வழியில் போகும் நேரத்தைக் கழித்து, ஊரில் விழித்திருக்கப் போகும் நேரம் எவ்வளவு? மூன்று இரவு யாழ்ப்பாணத்தில் உங்களுக்குக் கிடைப்பது, ஐந்து இரவு ஸ்ரீநகரில் கிடைப்பதற்குக் கிட்டத்தட்ட சமம்.

இப்போது கிழமைக்கு வருகிறேன். புதிய தடங்களில் தினசரி விமானம் என்று அறிவித்துவிட்டு, கூட்டம் சேராவிட்டால் வாரத்துக்கு நாலு, மூன்று என்று சுருக்குவது உண்டு. திங்கள், புதன், வெள்ளி மட்டும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதன் போனால் வெள்ளி திரும்ப வேண்டும், இரண்டே இரவு. அதை விட்டால் திங்கள்தான், ஐந்து இரவு, கூடவே உங்களுக்கு ஒரு லீவு வீண். வெள்ளி போய்த் திங்கள் திரும்புவதுதான் உங்கள் குடும்பத்துக்குச் சரியாக உட்காரும்: மூன்று இரவு, இடையில் வருவது இரண்டாவது அல்லது நாலாவது சனியாக இருந்தால் வங்கிக்கு இரண்டு நாள் லீவுதான். ஆனால் அந்தத் திங்கள் விமானம் ரத்தானால் அடுத்தது புதன். எனவே டிக்கெட் போடும் முன்பே 'திரும்பும் விமானம் இல்லையென்றால் எப்படி வருவேன்?' என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத ஊருக்குக் குறுகிய லீவில் போகக் கூடாது என்பது என் கட்சி.

யாழ்ப்பாணத்துக்குப் பதில் இருக்கிறது. சென்னைக்குத் தனி விமானம் உண்டு. இண்டிகோ அந்தத் தடத்தை 2024 செப்டம்பரில் தொடங்கியது. பலாலிக்குப் பக்கத்திலேயே காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் இருக்கிறது, கடலில் சுமார் நாலு மணி நேரம். நாகையில் இறங்கிவிட்டால் திருச்சி காரில் மூன்று, மூன்றரை மணி. கொழும்பு போய் அங்கிருந்து திருச்சி விமானம் பிடிப்பது மூன்றாவது வழி. ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு சாலையில் 400 கிலோமீட்டர் அளவு, ஒரு பகல் போய்விடும். கப்பலும் உங்கள் தேதிகளில் எந்தக் கிழமை ஓடுகிறது என்று இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வைகாசிக்கு மேல் சோளகம் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது கப்பல் ஆடும். மாமியாருக்கு அது அவசரத்துக்கு மட்டும்.

சேவை நின்றால் பணம் என்னாகும் என்று கேட்டீர்கள். நிறுவனமே ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ, நீங்கள் கேட்பதைத் தர வேண்டும். இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட்டார்கள் என்றால் அதோடு சரி. முறையாகத் தெரிவிக்காமல் ரத்து செய்தால் டிஜிசிஏ விதிப்படி நஷ்டஈடும் உண்டு. ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. இதில் உங்களுக்குரிய தொகை, ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அது கிடைக்கும். வானிலை, பாதுகாப்புப் பிரச்சினை போன்ற காரணங்களுக்கு நஷ்டஈடு கிடையாது. இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பதிவில் உங்கள் தொடர்பு எண் சரியாக இல்லையென்றால் நஷ்டஈடு கேட்க முடியாது. எங்களைப் போன்ற ஏஜென்ட்கள் சில சமயம் எங்கள் எண்ணையே போட்டுவிடுவோம். குறுஞ்செய்தி எங்களுக்கு வரும், உங்களுக்கு வராது. யாரிடம் டிக்கெட் வாங்கினாலும் உங்கள் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள்.

அடுத்த கேள்வி, இப்போதே போடலாமா. ஓடத் தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆன சேவையாக இருந்தால் தாராளமாக. இன்னும் தொடங்கவே இல்லை, அறிவிப்பு மட்டும்தான் என்றால் கொஞ்சம் பொறுங்கள். முதல் வாரங்களில் நேரம் மாறிக்கொண்டே இருக்கும், காலை விமானம் மாலையாகும். ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் அந்த விமான எண்ணைப் போட்டால் கடந்த சில நாட்களில் உண்மையில் எத்தனை முறை பறந்தது, எவ்வளவு தாமதம் என்று தெரிந்துவிடும். விளம்பரத்தைப் படிப்பதை விட அதைப் பார்ப்பது பயன். பொறுத்திருப்பதால் ஆளுக்குச் சில நூறு கூடலாம், அந்தக் கூடுதலை நான் காப்பீட்டுக் கட்டணமாகத்தான் பார்ப்பேன்.

கட்டணம் பற்றி ஒரு தொழில் ரகசியம், ரகசியம் என்று சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை. விமானத்தில் எல்லா சீட்டுக்கும் ஒரே விலை கிடையாது. மலிவான விலையில் கொஞ்சம், அடுத்த விலையில் கொஞ்சம் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் ஐந்து பேர் என்று தேடும்போது, மலிவான அடுக்கில் மூன்று சீட்தான் மிச்சம் என்றால், பொதுவாக ஐந்து பேருக்கும் மேல் அடுக்கின் விலையைத்தான் காட்டும். ஒருவருக்கு, இரண்டு பேருக்கு, மூன்று பேருக்கு என்று மாற்றி மாற்றித் தேடிப் பாருங்கள். மூன்று பேர் ஒரு பதிவு, இரண்டு பேர் ஒரு பதிவு என்று பிரித்தால் நல்ல பணம் மிச்சமாகும் நேரங்கள் உண்டு. பிரிக்கும்போது மகள் உங்களோடு, மகன் அப்பாவோடு, மாமியார் உங்களில் ஒருவரோடு என்று ஒவ்வொரு பதிவிலும் பெரியவர் இருக்கட்டும். ஏதாவது மாறினால் இரண்டு பதிவையும் தனித்தனியாக மாற்ற வேண்டி வரும், அந்தத் தலைவலிக்குத் தயார் என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். ஆனால் இடையில் விமானம் மாறும் பயணத்தில் முதல் கட்டத்தையும் இரண்டாம் கட்டத்தையும் தனித்தனி டிக்கெட்டாக வாங்கவே வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது போனது போனதுதான், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

இந்த மாதிரிச் சிறு தடங்களில் வருவது பெரும்பாலும் ஏடிஆர். இண்டிகோவுடையதில் 78 சீட். மேலே பை வைக்கும் இடம் சின்னது, நீங்கள் வழக்கமாகக் கையில் இழுத்துக்கொண்டு போகும் தள்ளுபெட்டி உள்ளே போகாமல் கீழே அனுப்பச் சொல்வார்கள். மாமியாரின் மாத்திரை, பாஸ்போர்ட், கண்ணாடி எல்லாம் தோள்பையில் இருக்கட்டும். சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே பதிவு செய்துவிடுங்கள், விமான நிலையத்தில் போய்க் கேட்டால் காத்திருக்க வேண்டி வரும்.

யாழ்ப்பாணத்துக்கு மே கடைசி வாரத்தைச் சொல்வேன். வெயில் இருக்கும், குளிர்ச்சியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கடல் காற்று மட்டும் ஆறுதல். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சந்தைக்கு வந்திருக்கும், அதற்காகவே போகலாம். மே பௌர்ணமியை ஒட்டி வெசாக் விடுமுறை வரும், தெற்கில் இருந்து கூட்டம் வடக்கே ஏறும், அறை கிடைப்பது கடினம். அந்தத் தேதியைத் தவிர்த்துவிடுங்கள். நயினாதீவுக்குக் காலையிலேயே கிளம்புங்கள். குறிகாட்டுவான் துறை வரை கார் போகும், அங்கிருந்து படகு சுமார் இருபது நிமிடம். படகில் ஏறி இறங்கும் இடத்தில் மாமியாருக்கு இரண்டு கை பிடிக்க ஆள் வேண்டும். ஆனியில் அம்மன் கோயில் திருவிழா வந்தால் படகுத்துறையில் நிற்க இடம் இருக்காது, அதற்கு முன் போவது அவருக்கு நல்லது. நெடுந்தீவு படகுப் பயணம் ஒரு மணி நேரம், காற்றில் ஆடும். அங்கே கட்டில்லாமல் திரியும் குதிரைகளைப் பார்க்கப் பிள்ளைகளைக் கணவர் கூட்டிப் போகட்டும், நீங்களும் மாமியாரும் அன்று கீரிமலைக்குப் போகலாம். நல்லூரில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும் என்று மகனிடம் முன்பே சொல்லிவிடுங்கள், பதின்மூன்று வயதில் அது பெரிய விஷயம்.

முதல் பயணம் குளிருக்கு இருக்கட்டும், ஏப்ரல் கடைசியிலேயே. பனிக்குப் பக்கத்தில், ஆனால் நாலு இரவில் முடிகிற இடம் என்றால் நான் பாக்டோக்ரா பக்கம் சொல்வேன், டார்ஜிலிங் மலையடிவாரத்தில் இருக்கும் விமான நிலையம் அது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியும்போது சென்னை, அங்கிருந்து நேரடி விமானம் கிடைக்கும் கிழமையாகப் பாருங்கள். எல்லோரும் மூன்று மணி நேரம் மலை ஏறி டார்ஜிலிங் ஓடுவார்கள். நீங்கள் பாதி வழியில் குர்சியோங்கில் தங்குங்கள். கூட்டம் குறைவு, தேயிலைத் தோட்டம் நடுவில் அறைகள் கிடைக்கும். 1999 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பொம்மை ரயிலில் அங்கிருந்தே ஏறலாம், மாமியார் உட்கார்ந்தபடியே மலையைப் பார்த்துவிடுவார். விடியற்காலையில் வானம் தெளிந்தால் கஞ்சன்ஜங்கா தெரியும், மூடியிருந்தால் தெரியாது. மகனுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மாலையில் இடிமழை வரும், வெளியே சுற்றுவதை மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இந்தத் தடத்தில் விமானம் ரத்தானால் கொல்கத்தா வழியாக வரலாம், ஆகவே என் கேள்விக்கு இதற்கும் பதில் இருக்கிறது.

கடைசியாக, எதற்கும் முன்னால் ஐந்து பாஸ்போர்ட்டையும் எடுத்து மேசையில் வையுங்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும், பெற்றோர் இதை மறந்துவிட்டு விமான நிலையத்தில் நிற்பதைப் பார்க்கிறேன். பயண நாளில் இருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். இலங்கைக்கு ஈடிஏ எனும் மின் அனுமதியை அந்நாட்டு அரசின் தளத்திலேயே எடுங்கள், அதே மாதிரித் தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் இருக்கின்றன. டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, இனிஷியலை விரித்தோ சுருக்கியோ மாற்றாமல் இருக்க வேண்டும். நம் ஊர் பாஸ்போர்ட்களில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது சகஜம். அப்படி இருந்தால் அந்த விமான நிறுவனம் எப்படி நிரப்பச் சொல்கிறது என்று பார்த்து அப்படியே நிரப்புங்கள், ஆளாளுக்கு முறை வேறு. புதுப்பிக்க வேண்டியது இருந்தால் திருச்சியிலேயே பாஸ்போர்ட் அலுவலகம் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருவர் கையெழுத்தும் தேவைப்படும். புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு யாழ்ப்பாண டிக்கெட் போடுங்கள். பாக்டோக்ராவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, ஆதார் போதும், இந்த வாரமே போடலாம்.